வெங்கடாசலம் வீட்டு வலது கை

1998-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரம், அமெரிக்காவின் லிவர்மோரில், வெங்கடாசலத்தின் மகன் தீபக்கின் வலது கை காலைப் பலகாரத் தட்டைச் சன்னல் வழியாக எறிந்தது. தட்டு ஊருக்குக் கிழக்கே உள்ள மலைவரை பறந்து போய் ஒரு காற்றாலையின் இறக்கையில் செருகிக்கொண்டது. தீபக் எறியவில்லை, அவன் சாப்பிடத்தான் உட்கார்ந்திருந்தான், கைதான் எறிந்தது. காற்றாலைக்காரர்கள் ஏணி போட்டு எடுத்துப் பார்த்தபோது தட்டின் அடியில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. அந்த எழுத்து இன்னதென்று அறிய நாலு பேரைக் கேட்டு, கடைசியில் சிவ விஷ்ணு கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்கள் அதில் வெங்கடாசலத்தின் மனைவி பவளத்தின் பெயரை வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெங்கடாசலம் போய் வாங்கி வந்தார். விளிம்பு கொஞ்சம் நெளிந்திருந்தது. மற்றபடி தட்டு நன்றாகவே இருந்தது.

வெங்கடாசலத்தின் குடும்பம் வெள்ளகோவில் பக்கத்தில் பெயர் சொன்னால் ஊரே எழுந்து நிற்கிற குடும்பம். அந்த வீட்டில் இடது கையால் யாரும் ஒன்றைக் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் தீபக் இடதுகைக்காரனாகப் பிறந்தான். சோறு போட்டதும் வெங்கடாசலம் அவனுடைய இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவிடுவார். அடித்ததில்லை, கட்டினார், அவ்வளவுதான். பையன் வலது கையால் உண்ணவும் எழுதவும் பழகினான். ஆனால் அமெரிக்கப் பள்ளியில் ஒருநாள் பேஸ்பால் பந்தைக் கொடுத்தபோது அது இடது கைக்குப் போனது, பிறகு அங்கேயே தங்கிவிட்டது. இடது கையால் அத்தனை வேகமாக வீசுகிறவர்கள் அந்த நாட்டிலேயே அரிது என்றார்கள். 1995-இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெரிய அணி ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்து, தன் கிளை அணிகளில் அடிமட்டத்தில் இருந்த ஒன்றில் சேர்த்தது. மலைக்கு அப்பால், பாதாம் தோப்புகளுக்கு நடுவில் இருந்த சிறிய ஊர் அது. அங்கே தேறினால் அடுத்த படி, அதற்கும் மேலே இன்னொரு படி, எல்லாம் ஏறினால் தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக். கல்லூரிக்குப் போகாமல் பந்தெறியப் போன மகனைப் பற்றி வெங்கடாசலம் ஒரு வருடம் யாரிடமும் பேசவில்லை. பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் தீபக்கின் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. கோயில் நண்பர் பிச்சுமணி அதை நாலாக மடித்து வைத்திருந்து எல்லாரிடமும் காட்டினார். அன்றிலிருந்து வெங்கடாசலத்துக்கு மகன் இருந்தான்.

அந்தப் படத்தை ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. படத்தில் தீபக் இடது கையை ஓங்கியிருந்தான். வெங்கடாசலம் பத்திரிகையிடம் நெகட்டிவைக் கேட்டு வாங்கி, ஸ்டுடியோவில் கொடுத்து, அதைத் திருப்பிப் போட்டுப் பெரிதாக எடுத்தார். புதிய படத்தில் மகன் வலது கையால் வீசினான். சட்டையில் எழுத்துகள் இடவலம் மாறிக் கிடந்ததை வெள்ளகோவிலில் யாரும் கேட்கவில்லை, அந்த நாட்டில் அப்படித்தான் எழுதுவார்களாக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். பங்காளி மயில்சாமி அதைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டி, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். குடும்பத்தின் பெயர் ஒரு சுற்று பெருத்தது.

1997 ஆகஸ்டில், ஆட்டம் ஒன்றின் நடுவில், தீபக்கின் இடது முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. மருத்துவர்கள் அவனுடைய வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை உருவி இடது முழங்கையில் கோத்துத் தைத்தார்கள். எறிகிறவர்களுக்கு இது சாதாரணமாகச் செய்கிற வைத்தியம். ஒரு வருடத்துக்குமேல் பொறுமையாகப் பயிற்சி செய்தால் பழைய வேகம் திரும்பும், பத்தில் எட்டுப் பேருக்குத் திரும்பியிருக்கிறது என்றார்கள். மீதி இருவரில் ஒருவனாக மகன் ஆகிவிடக் கூடாதென்று பவளம் குலதெய்வம் செல்லாண்டியம்மனுக்கு வெள்ளியில் கை செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டாள். எந்த உறுப்பில் நோவோ அந்த உறுப்பை வெள்ளியில் செய்து வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் அந்தக் கோயிலில் காணிக்கையைப் பூசாரியிடம் குடும்பத் தலைவன்தான் கொடுக்க வேண்டும், அவன் வர முடியாவிட்டால் அவன் சொல்லிப் பங்காளி கொடுக்கலாம். பெண்கள் கொடுத்தால் பூசாரி வாங்க மாட்டார். வெங்கடாசலம் மயில்சாமிக்கு போன் போட்டு வலது கை ஒன்று செய்யச் சொன்னார்.

"ஏனுங்க, அடிபட்டது லெஃப்ட் கைங்க," என்றாள் பவளம்.

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குங்க சோத்தாங்கையச் செய்யச் சொல்றீங்க?"

"மயில்சாமி ஊட்டுச் சுவத்துல போட்டோ தொங்குது. ஊரே பாத்திருக்குது. இப்பப் போயி பீச்சாங்கையக் கொண்டாந்து நீட்டினா, இத்தனை நாளா பொய்யான்னு கேக்க மாட்டாங்களா? ஆத்தாளுக்கு எந்தக் கைன்னு தெரியும். நாம மரியாதையா ஒண்ணு வெச்சாப் போதும்."

செல்லாண்டியம்மன் வைத்ததை வைத்தபடி எடுத்துக்கொண்டாள். மயில்சாமி வெள்ளிக் கையைச் சந்நிதியில் வைத்த அதே நேரத்தில்தான் லிவர்மோரில் தட்டு பறந்தது என்று பிறகு இரண்டு ஊர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த நாளிலிருந்து தீபக்கின் வலது கையில் எதை வைத்தாலும் அது எறிந்தது. பேனா, சீப்பு, டெலிபோன், ஒருமுறை கோயிலில் ஷ்யாமளா மாமி கொடுத்த முழுத் தேங்காய். அது போய் நெடுஞ்சாலைப் பலகை ஒன்றில் ஓட்டை போட்டது. எதையும் வைக்காவிட்டால் கை சாதுவாக இருந்தது. வலது கை பருத்துக்கொண்டு வரவர இடது கை காலியானது. ஸ்கேனில் தையல் அழகாகப் பிடித்திருந்தது, மருத்துவர் படத்தைத் தன் மாணவர்களுக்குக் காட்டினார். ஆனால் அந்தக் கையிலிருந்து பந்து அவன் காலடியிலேயே விழுந்தது. ஆறு மாதத்தில் ஸ்பூன் தூக்க முடியாமல் போயிற்று. அணியின் பயிற்சியாளர்கள் ரப்பர் பட்டை கட்டி இழுத்தார்கள், ஐஸ் வைத்தார்கள், மின்சாரம் வைத்தார்கள். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்குப் பவளம் ஊட்டிவிட்டாள்.

1998 கடைசியில் மயில்சாமியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வெங்கடாசலமும் பவளமும் ஊருக்குக் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன்னால் தீபக் அப்பாவின் முன்னால் வந்து நின்றான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ஜஸ்ட் டெல் ஹர் தி ட்ரூத். லெஃப்ட் ஆர்ம். தட்ஸ் ஆல்."

"தமிழ்ல பேசு."

"லெஃப்ட் கை ஒண்ணு வெச்சிடுங்கப்பா. ப்ளீஸ். மார்ச்ல கேம்ப். ஐ ஹேவ் டில் மார்ச். அப்புறம் அனுப்பிடுவாங்க."

"வெச்சதை மாத்தற வழக்கம் நம்ம ஊட்டுல கிடையாது."

"இட்ஸ் மை ஆர்ம்!"

"கை உன்னுதுதான். பேரு என்னுது," என்றார் வெங்கடாசலம். "அழுவாதே. ஆம்பளை."

தீபக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க அவனிடம் கை இல்லை.

பவளம் தன் கொலுசை ஊருக்குப் போனவர் ஒருவரிடம் முன்னதாகவே அண்ணனுக்குக் கொடுத்தனுப்பிக் கரூரில் உருக்கி ஓர் இடது கை செய்து வாங்கி, வெள்ளகோவில் போய்ச் சேர்ந்த அன்று காலை, குளித்து ஈரத்தலையோடு வந்து கணவனின் கையில் கொடுத்தாள். கால் இரண்டையும் தொட்டாள். வெங்கடாசலம் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார். உச்சிப்பொழுதுக்குத் திரும்பி வந்து, ஆச்சு என்றார். அன்று பவளம் மகனுக்கு போன் போட்டு, இனிமேல் சரியாகிவிடும் கண்ணு என்று சொன்னாள். லிவர்மோரில் தீபக் இடது கை விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான், மடங்குகிற மாதிரியும் இருந்தது. மூன்றாம் நாள் கல்யாண வாசலில் பவளத்தின் முன் சந்தனம் நீட்டினார்கள். புது வெள்ளிக் கிண்ணம், அளவாக ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. நல்லாயிருக்குதே, யாரு செஞ்சது என்று கேட்டாள். "உங்க ஊட்டுச் சீருதானுங்கக்கா. மாமா முந்தாநேத்து ஆசாரிகிட்ட உக்காந்து செஞ்சு கொண்டாந்தாரு," என்றாள் நீட்டிய பெண். பவளம் விரலை விட்டுச் சந்தனம் எடுத்து, கழுத்தில் பூசிக்கொண்டு, உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள். வெங்கடாசலம் செய்தது தவறென்று அந்த ஊரில் ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது. சீர் கனமாக இருந்தது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மார்ச்சில் அரிசோனா முகாமில் தீபக்கைப் பந்தெறியும் மேட்டில் நிறுத்தினார்கள். இடது கையிலிருந்து பந்து நழுவிக் காலில் விழுந்தது. வயதான பயிற்சியாளர் ஒருவர் அதை எடுத்து, கேள்விப்பட்டிருந்தார் போலும், வலது கையில் வைத்தார். வேகம் அளக்கும் கருவி எண் காட்டாமல் கறுத்தது. பந்து பிடிக்க உட்கார்ந்திருந்தவனின் கையுறை வழியாகவும் உள்ளங்கை வழியாகவும் போய் வேலிக் கம்பத்தில் நின்றது. அந்தப் பையனும் பாவம், தோள்பட்டை தேறி அன்றுதான் திரும்பி வந்திருந்தான். அடுத்த பந்து வானத்துக்குப் போனது. அதற்கடுத்தது பக்கத்து மைதானத்துக்கு. வேகம் இருப்பவன் எங்கும் கிடைப்பான், சொன்ன இடத்தில் போடுகிறவன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தீபக் வீட்டுக்கு வரவில்லை. பாதாம் தோப்பு ஊரிலேயே ஒரு அறை எடுத்தான். அணி என்றாவது கூப்பிடும் என்று பக்கத்திலேயே இருக்க விரும்பினான். பவளம் அவனோடு போய்த் தங்கினாள். வெங்கடாசலம் லிவர்மோரில் தானே சமைத்துக்கொண்டார், மனைவி மகனுடைய ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்வதாகக் கோயிலில் சொன்னார்.

அடிபட்ட பெரிய ஆட்டக்காரர்கள் தேறி வரும்போது, கை பழகுவதற்காக ஒரு வாரம் பத்து நாள் கிளை அணியில் ஆடுவார்கள். அப்படி வருகிறவர் அங்கே உள்ள பையன்களுக்கெல்லாம் நல்ல விருந்து போட்டுவிட்டுப் போக வேண்டும், அது எழுதாத சட்டம். அந்த ஜூனில் வந்தவர் தொலைக்காட்சியில் பல் விளக்கும் பசைக்குச் சிரிக்கிறவர். அவருடைய முழங்கையிலும் தீபக்குக்குப் போட்ட அதே தையல்தான், அவருக்குக் கை தேறிவிட்டது. பழைய பழக்கத்தில் தீபக்கையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓரமாக நின்றவனின் கையைப் பற்றி யாரோ சொல்ல, அவர் எழுந்து வந்து, வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை அவன் வலது உள்ளங்கையில் வைத்தார். அது மைதானத்துக் கம்பம் ஒன்றின் விளக்கை உடைத்தது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, இன்னொன்று வைத்தார். பிறகு வெண்ணெய்க் கட்டி, ரொட்டி, ஒரு ஷூ. தட்டு காலியாகும்வரை வைத்தார்கள். அணியின் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, மறுநாள் தீபக்குக்கு வேலை கொடுத்தார். ஆட்ட இடைவேளையில், முயல் வேடம் போட்ட ஒருவர் சுருட்டிய பனியன்களை ஒவ்வொன்றாக அவன் கையில் வைப்பார், கை அவற்றைக் கூட்டத்துக்கு எறியும். பனியன் வாங்கியவர்களுக்கு மூக்கு உடைந்தாலும் சந்தோஷமாக வாங்கினார்கள். பந்தைக் கண்டபடி எறிந்த கை பனியனை எறியும்போது மட்டும் குறி தப்பவில்லை. அதற்கு யாரும் காரணம் தேடவில்லை. இரண்டு கோடைகளில் அந்த ஊருக்கு ஆட்டத்தைவிட அதற்காகவே கூட்டம் வந்தது.

2001 ஜூலையில் பிச்சுமணி, தாங்கள் எல்லாரும் போய் தீபக்கின் ஆட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டார். வெங்கடாசலத்தால் மறுக்க முடியவில்லை. நாலு கார் போனது. வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர் வெங்கடாசலம் மட்டும். ஆட்டம் பாதி ஆனது, மைதானத்தில் தீபக்கைக் காணோம். பிறகு இசை போட்டார்கள், முயலும் தீபக்கும் வந்தார்கள், பனியன்கள் பறந்தன. தமிழர்கள் இருந்த வரிசைக்கும் ஆளுக்கொன்று வந்து மடியில் விழுந்தது.

"சார், பையன் ஆடவே இல்லையே?" என்றார் பிச்சுமணி, தன் பனியனை விரித்து அளவு பார்த்துக்கொண்டே. "பனியன்னா போடறான்?"

"பந்து போடறவன் ஒருத்தனுக்குத்தான் போடறான்," என்றார் வெங்கடாசலம், முதுகு சாயாமல். "எம்மவன் ஊருக்கே குடுக்கறான். எந்தக் கையில குடுக்கறான்னு பாத்துக்குங்க."

பார்த்தார்கள். வலது கைதான். "வாஸ்தவம்தான் சார்," என்றார் பிச்சுமணி. ஷ்யாமளா மாமி கூட மெச்சுவதுபோல் தலையசைத்தார்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கார்களுக்கு அருகே நின்றபோது தீபக் வந்தான். வேலை செய்ததில் சட்டை வெளியே வந்து தொங்கிற்று. மாமிமார் வாழ்த்தினார்கள். அவன் எல்லாருக்கும் தேங்க்ஸ் சொன்னான், பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"ஆர் யூ ஹாப்பி, அப்பா?"

"சட்டைய உள்ள விடு," என்றார் வெங்கடாசலம். "நாலு பேரு பாக்கறாங்க."

தீபக் நின்றான். இடது கை தொங்கியது, வலது கை சட்டை நுனியைப் பிடித்தால் சட்டையையே எறிந்துவிடும். பவளம் முன்னால் வந்தாள். மகனின் வலது உள்ளங்கையைத் தன் முந்தானையால் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருபத்து நாலு வயது ஆணின் இடுப்பைச் சுற்றிச் சட்டையை மடித்து உள்ளே விட்டாள். கார்கள் கிளம்புவதற்குக் காத்திருந்தன. ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதில் பார்க்கக் கூடாதது எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. முடிந்ததும் பவளம் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, பின்பக்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். வெங்கடாசலமும் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.