பொதுக்கம்பி

மலாக்கா நகரின் காஜா பேராங் சாலையில் மீனாட்சிசுந்தரம் வாடகை ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தார். செட்டிநாட்டிலிருந்து வந்து மலாக்காவில் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பம் அவருடையது. அதை உதறிவிட்டு அவர் சத்தத்தை வாடகைக்கு விடக் கிளம்பியதை உறவினர்கள் ஒரு வியாதியைப் போலவே விசாரித்தார்கள். "இன்னும் அதேதானா?" என்பார்கள். "அதேதான்" என்பார் அவர். தனியாக உட்கார்ந்து யோசித்தாலும் அதைவிட நல்ல பதில் அவருக்குக் கிடைத்ததில்லை.

கடையில் குரலைப் பெரிதாக்கும் ஆறு பெட்டிகள் இருந்தன. ஆறுக்கும் ஆறு குணம். ஒன்று சூடேறிப் பேசத் தொடங்குவதற்குள் பேச வந்தவர் பேசி முடித்திருப்பார். ஒன்று சீட்டியடிக்கும். ஒன்று தொட்டவரை அடிக்கும். மலாக்கா மழைக்கு உள்ளே பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாவற்றையும் தினமும் எரிய விடவேண்டும். வால்வுகளின் சூட்டில் அறை ரொட்டி அடுப்பாகிவிடும். அதைத் தணிக்க இரண்டு மின்விசிறிகள். விசிறிகள் பெட்டிகளைப் பார்த்துச் சுழன்றன. முதலாளி பழைய தினசரியை மடித்து விசிறிக்கொண்டார்.

ஒருநாள் அவர் மனைவி அழகம்மையின் அண்ணன் வைரவன் கடைக்கு வந்தார். வட்டித் தொழிலில் ஊறியவர். ஒரு பொருளைப் பார்த்தால் அது சும்மா இருக்கும் நேரம்தான் அவர் கண்ணில் முதலில் படும்.

"ஏன் மாப்பிள்ளே, ஆறு பெட்டி, ஆறு ஆளு. ஒரு நாளைக்கு எத்தன பெட்டி வெளிய போவுது?"

"கல்யாண மாசம்னா எல்லாம் போகும் மச்சான்."

"மத்த மாசம்?"

மீனாட்சிசுந்தரம் விசிறிக்கொண்டார்.

"ஒன்னு, மிஞ்சிப்போனா ரெண்டு. மிச்சமெல்லாம் உக்காந்து கரண்டு சாப்புடுது" என்று சொல்லிவிட்டு வைரவன் போய்விட்டார். அவர் சொன்னது அங்கேயே இருந்தது. அன்றிலிருந்து பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், வேலைக்குப் போகாத மைத்துனர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் போலவே அவருக்குத் தோன்றியது.

அந்த வருஷம் ஊரே மலாயாவின் சுதந்திரத்துக்குக் காத்திருந்தது. ஆகஸ்டு கடைசியில் நாடு கைக்கு வந்துவிடும் என்று நாள் குறித்தாகிவிட்டது. மூன்று பேர் கூடினால் ஒரு மன்றம், மன்றம் கூடினால் ஒலிபெருக்கி என்று இருந்த காலம். அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போவதாகக் கேள்விப்பட்டு மீனாட்சிசுந்தரம் ரயிலேறினார். திரும்பி வரும்போது லாரியில் ஒரு இரும்பு அலமாரி வந்தது.

அலமாரி இல்லை, அதுவும் பெட்டிதான். முகாமில் ஒரே இடத்தில் இதை வைத்து, சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒரு குரல், மைதானத்துக்கு ஒரு குரல், ஆஸ்பத்திரிக்கு ஒரு குரல் என்று தனித்தனியே அனுப்பியிருந்தார்களாம். உள்ளே நான்கு வழி. நான்கு மைக் பேசினாலும் ஒன்றோடொன்று கலக்காது. மின்சாரம் வாங்கும் வாய் மட்டும் ஒன்று.

"இத தூக்கிட்டு எப்படிங்க கல்யாண வீட்டுக்குப் போறது?" என்று அழகம்மை கேட்டாள்.

"போகவே வேணாம். அதுதான் விஷயம். பெட்டி இங்கயே இருக்கும். கம்பி மட்டும் வீட்டுக்கு வீடு போகும். அவங்க அங்க பேசுவாங்க, பேச்சு கம்பி வழியா இங்க வந்து, பெரிசாகி, திரும்ப அங்கயே ஒலிபெருக்கிக் குழாய்ல கேக்கும். கோயிலு, மன்றம், கம்போங் செட்டி குடியிருப்பு, எல்லாம் கூப்பிடு தூரந்தானே?"

"அவங்ககிட்ட என்ன சொல்லுவீங்க? மூணு பேருக்கும் ஒரே பெட்டின்னா ஒத்துப்பாங்களா?"

"உங்களுக்குன்னு தனிப் பெட்டின்னு சொல்லுவேன். கேக்கறவங்களுக்கு அது தனிப் பெட்டிதானே?"

அழகம்மை அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். 

ஐந்து பெட்டிகளை விற்றார். ஆட்களில் ஐந்து பேரை வேலையிலிருந்து அனுப்பினார். அந்த ஐவரில் மாணிக்கவாசகம் என்பவன், சம்பளக் கணக்குக்குப் பதிலாகச் சீட்டியடிக்கும் பெட்டியைக் கேட்டான். அதைத் தள்ளிவிட ஒரு ஆள் கிடைத்தானே என்று மீனாட்சிசுந்தரம் சந்தோஷமாகக் கொடுத்தார். சேதுபதி ஒருவன் மட்டும் தங்கினான். மரம் ஏறத் தெரிந்தவன். அவர் என்ன சொன்னாலும் "பிரமாதம் மொதலாளி" என்பான். அந்த மாதிரி ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதையும் யோசிக்கக்கூடாது என்பது அவருக்குப் பின்னால்தான் புரிந்தது.

மின்கட்டணம் பாதிக்கும் கீழே வந்தது. ஒரு விசிறி முதலாளி பக்கம் திரும்பியது. கோயிலில் தேவாரம், அதே நேரத்தில் மன்றத்தில் செய்தி வாசிப்பு, இரண்டும் கலக்காமல் போயின. வாடிக்கைக்காரர்கள் தங்கள் தனிப் பெட்டியை மெச்சிக்கொண்டார்கள். அவர் தெருவில் நடக்கும்போது தலைக்கு மேலே போகும் கம்பிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய், இரண்டு முறை தெருவோரக் கால்வாயில் விழுந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மிச்சம் பிடிக்கும் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு கம்பி. ஒன்றில் குரல் போகிறது, ஒன்றில் திரும்பி வருகிறது. திரும்பி வருகிற கம்பிக்கு என்ன வேலை? சும்மா வீடு திரும்புகிறது. வீடு திரும்ப ஆளுக்கொரு ரோடு எதற்கு?

"சேது, போறதுக்கு தனித்தனிக் கம்பி. வர்றதுக்கு எல்லாத்துக்கும் சேத்து ஒரே பொதுக்கம்பி. எப்படி?"

"பிரமாதம் மொதலாளி."

கழற்றிய கம்பியைச் சுருட்டி மூலையில் போட்டபோது, குவியல் முழங்கால் உயரம் வந்தது. இவ்வளவு நாள் இத்தனை கம்பியை வீணாகத் தொங்கவிட்டிருந்தேனே என்று தன் பழைய முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்தார். புதிய முட்டாள்தனம், திரும்பும் கம்பிகள் எல்லாவற்றையும் சேர்த்து, சாலையோர ரம்புத்தான் மரத்தில் முடிச்சுப் போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு இடத்தில் வேலை வந்தது. கம்போங் செட்டியில் வீராசாமி நாயக்கரின் மகளுக்குக் கல்யாண விருந்து. நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக, தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் குடும்பம். தமிழ் என்பது சாமி பெயர்களோடு சரி. விருந்துக்கு டொன்டாங் சாயாங் பாட்டுக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே கட்டிக் கட்டி, கேள்விக்குப் பதில் பாடுகிற மலாய்ப் பாட்டு. சாலையின் அந்தப் பக்கம் தமிழர் மன்றத்தில் பொன்னுதுரையின் சொற்பொழிவு, 'சுதந்திர நாட்டில் நம் பங்கு.' ரப்பர் தோட்டத்தில் கங்காணியை எதிர்த்து நின்று பெயர் வாங்கியவர் பொன்னுதுரை. எதற்கும் பயப்படமாட்டார், நேரத்துக்கும் கூட.

பொன்னுதுரை சூடுபிடித்திருந்தார். "இந்த நாட்டில் நமக்கு என்ன பங்கு என்று நான் கேட்கிறேன்!" என்று மேசையில் குத்தினார்.  தலைக்கு மேலிருந்த குழாயில் பிடில் இழைய, ரெபானா மேளம் தட்ட, ஒரு பெண் குரல் குழைந்தது. கேட்டு என்ன பயன் சாயாங், என் அன்பே, முதலில் மாலையைப் போடு என்று மலாயில் பாடியது.

மன்றத்தில் மலாய் தெரியாதவர் யாரும் இல்லை. ஒருவர் இருமினார். பொன்னுதுரை குழாயை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நமக்கு வாக்குக் கொடுத்தவர்களை நம்பலாமா?"

நம்பாதே சாயாங், என்றது குழாய். ஆற்றில் நீர் இறங்கினால் படகு சேற்றில்தான்.

கூட்டம் கைதட்டியது. பொன்னுதுரையின் பேச்சுக்கு அன்று கிடைத்த முதல் கைதட்டல் அது.

கடையில் மீனாட்சிசுந்தரத்துக்கு இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. காற்றில் வருகிறது என்று நினைத்தார். பிறகு பெட்டியின் முகத்தில் இருந்த, குரலின் அளவு காட்டும் முட்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆடுவதைப் பார்த்தார்.  ரம்புத்தான் மரத்தடிக்கு ஓடினார். யாரோ புண்ணியவதி பொதுக்கம்பியில் ஈரக் கம்பளியைக் காயப்போட்டிருந்தாள். கனம் தாங்காமல் முடிச்சு விட்டுப்போயிருந்தது. வீடு திரும்ப ரோடு இல்லாமல், ஒரு குரல் அடுத்த குரலின் வீட்டுக்குள் புகுந்துகொண்டிருந்தது. இரண்டு கம்பி இருந்தபோது ஒன்று அறுந்தால் ஒரு வீடு ஊமையாகும், அவ்வளவுதான். இப்போது ஒரு முடிச்சில் ஊரே தொங்கியது.

சேதுபதியை மரத்தில் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். மரத்தடியில் பெட்டியின் நான்காவது வழியில் ஒரு சின்னக் குழாய் இருந்தது, வேலைக்காரனுக்குச் சொல்லி அனுப்புவதற்காக. கடையில் இருந்த அதன் மைக்கை எடுத்தார். அந்தக் குழாயும் அதே பொதுக்கம்பியில்தான் திரும்புகிறது என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

"சேது! ரெண்டும் ஒன்னா போவாது. பொன்னுதுரை லைன அவுத்துடு. அவர் பேச்ச எவன் கேக்கறான், பாதி பேரு தூங்கியிருப்பான். கல்யாண வீட்டுக்காரரு பெரிய மனுசன், அவர விடு. பெட்டி ஒன்னுதான்னு ரெண்டு பேருக்கும் தெரியறதுக்குள்ள முடி!"

உள்ளே அழகம்மை சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கி மேசையில் வைத்தாள்.

"என்ன?"

"தெருவுல கேக்குது" என்றாள்.

தெருவில் மட்டுமில்லை. மன்றத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவர் அந்தப் பெட்டியை வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு குரல் போனதில்லை.

பொன்னுதுரை முன்னால் வர, தூங்காத பாதிப் பேரும் தூங்கி விழித்த பாதிப் பேரும் பின்னால் வந்தார்கள். மீனாட்சிசுந்தரம் கடைப்படியில் நின்றார். ஓடுவதற்குப் பின்கதவு இருந்தது. அழகம்மை அதை மறித்துக்கொண்டு நின்றாள்.

"செட்டியாரே, எங்க தனிப் பெட்டி எங்க? காட்டுங்க, பாப்போம்" என்றார் பொன்னுதுரை.

அவர் விலகி வழிவிட்டார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வெறும் அறையில் ஒற்றை இரும்பு அலமாரி நின்றது.

"இதுல நாலுல ஒரு பங்கு உங்களுது" என்றார் மீனாட்சிசுந்தரம். சொன்ன பிறகுதான் அன்றைய சொற்பொழிவின் தலைப்பு அவருக்கு ஞாபகம் வந்தது.

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார். பொன்னுதுரை சிரிக்கவில்லை. அதற்குள் வியர்க்க விறுவிறுக்க வீராசாமி நாயக்கர் வந்து சேர்ந்தார். அடுத்த அடி இவரிடமிருந்து என்று மீனாட்சிசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். நாயக்கர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாகூஸ், செட்டியார், பாகூஸ்!" என்றார். மிக நன்று என்று அர்த்தம். மலாயில் மளமளவென்று அவர் சொன்னது இதுதான். மாப்பிள்ளையின் அத்தை மணப்பெண் கழுத்தில் தங்கச் சங்கிலி போடும் நேரத்தில் குழாயில் ஒரு பெரியவர் தமிழில் முழங்கினாராம். ஒருவருக்கும் அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலின் வேகத்தில் கிழவிகள் அழுதே விட்டார்கள். கோயிலில் வாழ்த்துச் சொல்கிறார்கள் என்று எல்லாரும் கைகூப்பினார்களாம். அந்தப் பெரியவர் யார்?

"நீங்க அப்ப என்ன சொன்னீங்க?" என்று மீனாட்சிசுந்தரம் பொன்னுதுரை பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

பொன்னுதுரை தொண்டையைச் செருமினார். "அடிமைச் சங்கிலிய அறுத்தெறியுங்கன்னு."

அதை நாயக்கருக்கு மொழிபெயர்க்க யாரும் முன்வரவில்லை. அந்தக் குரல்தான் என்று கண்டுகொண்ட நாயக்கர் பொன்னுதுரையைக் கைப்பிடித்து விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டமும் போனது. மீனாட்சிசுந்தரத்தை யாரும் கூப்பிடவில்லை. அவர் மூலையில் கிடந்த கம்பிச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தடிக்குப் போனார்.

மறுவாரம் முழுக்க ஒவ்வொரு குழாய்க்கும் திரும்பும் கம்பியைத் தனித்தனியே இழுத்தார். கோயிலுக்கும் மன்றத்துக்கும் நேரில் போய், பெட்டி ஒன்றுதான், வாடகை இனி அதற்குத் தக்கபடிதான் என்று சொல்லிவிட்டு வந்தார். கோயிலில் சரி என்றார்கள். மன்றத்தில் பொன்னுதுரை இருந்தார்.

"இங்க ஒங்க அலமாரி போதும். முப்பத்தொன்னாந் தேதி செமாபோக் திடல்ல நான் பேசறேன். அங்க எனக்குத் தனிப் பெட்டி. கம்பி கிம்பி கூடாது. நீங்களே தூக்கிட்டு வரணும்."

ஊருக்கு வெளியே இருக்கும் செமாபோக்குக்குக் கம்பி எட்டாது. பெட்டியும் இல்லை, ஆறும் கைமாறியாயிற்று. மீனாட்சிசுந்தரம் மாணிக்கவாசகத்தைத் தேடிப் போனார். சீட்டியடிக்கும் பெட்டியை வைத்து அவன் ஒரு கடையே தொடங்கியிருந்தான்.

"உங்களுக்கு இல்லாததா மொதலாளி" என்று சொல்லி, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தான்.

சுதந்திர நாளன்று காலையில் அழகம்மை இரும்பு அலமாரியின் முன் உட்கார்ந்து, வானொலியில் வந்த கொண்டாட்டத்தைக் கோயிலுக்கும் மன்றத்துக்கும் கம்போங் செட்டிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு குறையும் இல்லாமல் நடந்ததாகச் சேதுபதி பிறகு சொன்னான். அவளிடம் 'பிரமாதம்' என்று சொன்னதற்கு, வாயை மூடிக்கொண்டு மரத்தைப் பார் என்றாளாம்.

முதலாளி அப்போது செமாபோக்கில், மேடைக்குக் கீழே பெட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சீட்டி கிளம்பும்போதெல்லாம் பெட்டியின் குமிழ்க்காதைத் திருக வேண்டும். அதனால் தூங்க முடியாது. தூங்க முடியாததால் பொன்னுதுரையின் பேச்சை முதல் சொல்லிலிருந்து கேட்கவேண்டியதாயிற்று. நீளமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில், தோட்டக் கூலிகளின் லயக் குடியிருப்பில் தன் தாய் வாளியோடு தண்ணீருக்குக் காத்து நின்றதை அவர் சொன்னபோது, திடல் அசையாமல் இருந்தது. இந்த மனிதர் பேச்சை எவன் கேட்கிறான் என்று ஊருக்கே ஒலிபரப்பியவன் நான்தானே என்று மீனாட்சிசுந்தரம் முக்காலியில் நெளிந்தார். நெளிந்த நேரத்தில் சீட்டி கிளம்பிவிட்டது.

பொன்னுதுரை பேச்சை நிறுத்திக் குனிந்து பார்த்தார்.

"செட்டியாரே, கேக்கறீங்களா?"

"கேக்கறேன், சொல்லுங்க" என்று மீனாட்சிசுந்தரம் எழுந்து நின்று சொன்னார். திடல் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, பெட்டியின் காதைப் பிடித்துக்கொண்டார்.