ஏழாம் மேசைக்குப் போகும் ரயில்

ஏழாம் மேசைக்கு மட்டும் அந்த ரயில் ஒழுங்காகப் போய்ச் சேராது.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலைப் பார்த்தாற்போல் இருந்த அந்த டீக்கடைக்குக் கூட்டம் வந்ததே மேசை மேசையாக டீ கொண்டுபோகும் பொம்மை ரயிலுக்காகத்தான். டீ மாஸ்டர் லட்சுமணன் குட்டிப் பெட்டியில் டம்ளரை வைப்பார். கல்லாவில் இருக்கும் ரெஜினா கைக்கருவியில் எஞ்சினின் எண்ணைத் தட்டி அனுப்புவாள். மின்சாரம், கட்டளை இரண்டும் தண்டவாளம் வழியாகவே போகும். ஆறாம் மேசை வரை சமர்த்தாக ஓடும் எஞ்சின், கடலோர ஜன்னல் பக்கம் திரும்பியதும் திக்கும், நிற்கும், பிறகு பேய் பிடித்ததுபோல் பாயும். ஞாயிற்றுக்கிழமை பாய்ந்த பாய்ச்சலில் ஒருவரின் வெள்ளைச் சட்டை முழுக்க டீ.

மறுநாள் காலை, ரயிலை அமைத்துக் கொடுத்த ஹேமந்த் நாவலூரிலிருந்து வந்தான். எஞ்சினைப் புரட்டிப் பார்த்தான்.

"யாரு இதைத் திறந்தது?"

"நான்தான். சக்கரம் துடைச்சேன்." ரெஜினாவின் குரல் அவளுக்கே எட்டவில்லை.

"அவ்ளோதான் சார். டீகோடர் போச்சு, கட்டளையைப் படிக்கிற சிப்பு. கண்டவங்க கைய வெச்சா இப்டித்தான்."

மேலாளர் பார்த்திபன் ஒரு வெள்ளைத்தாளை அவள் முன்னால் தள்ளினார். "நான் கழட்டித்தான் கெட்டுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வேலைய வுட்டு நின்னுக்கோம்மா. கல்லாவுல குந்திகினு கம்முனு இருந்திருக்கலாமில்ல?"

அவள் செங்கல்பட்டில் இயற்பியல் படித்தவள். வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலையும் விழுங்கிவிட்டு வந்தவள். இன்றைக்கு விழுங்க முடியவில்லை.

"எஞ்சின் கெட்டிருந்தா முதல் மேசையிலயே திக்கணும் சார். ஏழுல மட்டும் ஏன் திக்குது?"

"ப்ரோக்ராமிங் இஷ்யூ. உங்களுக்குப் புரியாது," என்றான் ஹேமந்த்.

ரெஜினா எஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஓர் எவர்சில்வர் ஸ்பூனை எடுத்தாள். முதல் மேசையருகே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே அதைப் போடப் போனாள்.

"ஐயோ, ஷார்ட் ஆயிடும்! கரண்ட் பெட்டி எரிஞ்சிடும்!" என்று கத்தினான் ஹேமந்த்.

"எரியாது. ஷார்ட் ஆனா அந்தப் பெட்டி தானா கரண்ட்ட கட் பண்ணணும். பண்ணுதான்னு பாக்கலாம்."

டக். மின்சாரப் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஸ்பூனை எடுத்ததும் பச்சை. பார்த்திபன் தந்த தாளில் அவள் எழுதினாள்: 'மேசை 1. கட் ஆனது.'

"இன்னா பொண்ணு, தண்டவாளத்துக்கு சக்கரை கலக்குறியா?" என்றார் லட்சுமணன்.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. டக், டக். ஆறில் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட் ஆனது. ஏழில் ஸ்பூன் கிடந்தது கிடந்தபடி இருந்தது. சத்தமில்லை. பச்சை விளக்கு ஒன்றும் தெரியாததுபோல் எரிந்தது. ரெஜினா மனசுக்குள் பத்து வரை எண்ணினாள்.

"சார், தண்டவாளம் சேர்ற இந்த இணைப்பைத் தொடுங்க."

தொட்ட பார்த்திபன் கையை உதறினார். "யம்மா, சுடுது!"

"உப்புக்காத்துல இணைப்பு பச்சைக் களிம்பு பூத்துக் கெடக்குது. மின்சாரம் தாண்ட முடியாம அங்கயே சூடாவுது. ஷார்ட் ஆனதே பெட்டிக்குத் தெரியல. அப்புறம் எஞ்சினுக்குக் கட்டளை எப்டிப் போவும்?" இவ்வளவு நீளமாக அவள் அந்தக் கடையில் பேசியதே இல்லை. "அதுக்குத்தான் பெட்டியிலேர்ந்து நேரா மேசைக்கு ஒரு ஜோடி ஒயர் குடுக்கணும். இவரு குடுத்த வரைபடத்துல எட்டு மேசைக்கும் எட்டு ஜோடி கீது. சக்கரம் துடைச்சப்போ கீழ குனிஞ்சு பாத்தேன், முதல் மேசையில மட்டுந்தான் கீது."

லட்சுமணன் மண்டியிட்டு ஏழாம் மேசைக்கடியில் தலையை விட்டார். "ஒயரக் காணோம் சார். ஒட்டடதான் கீது."

"எலி கடிச்சிருக்கும்," என்றான் ஹேமந்த், அந்த மேசை நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி.

"கடிச்சா துண்டாவது கெடக்குமே அண்ணாத்த! முழுசா நாஸ்தா பண்ணிட்டுதா?"

ரெஜினா நீளமான ஒரு ஜோடி ஒயரை மின்சாரப் பெட்டியிலிருந்து இழுத்து ஏழாம் மேசைத் தண்டவாளத்தில் முறுக்கினாள். ஸ்பூனைப் போட்டாள். டக்.

பார்த்திபன் தொண்டையைச் செருமினார். "சரி வுடும்மா. அந்தப் பேப்பரக் கிழிச்சிப் போட்டுட்டு கல்லாவுக்குப் போ."

"எழுதிக் குடுக்கச் சொன்னீங்க சார். எழுதிட்டேன்."

கடைசி வரியில் 'மேசை 7. கட் ஆகவில்லை. ஒயர் இல்லை' என்று எழுதினாள். அதன்கீழ் நிதானமாக, 'ஏ. ரெஜினா, பி.எஸ்சி.' தாளை மடித்து, பேனாவோடு ரயில் பெட்டியில் வைத்தாள். ஸ்பூனை எடுத்துவிட்டு, அதே எஞ்சினைத் தண்டவாளத்தில் ஏற்றி, அதே எண்ணைத் தட்டினாள்.

ரயில் ஜன்னல் பக்கம் திரும்பியது. திக்கவில்லை. ஏழாம் மேசையில், ஹேமந்தின் கைக்கு நேரே போய் நின்றது.

"உங்க கையெழுத்தும் வேணும்," என்றாள் ரெஜினா. இந்தமுறை அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.