ஒரு பாட்டு அளவு மூச்சு

பல் ஆஸ்பத்திரியின் உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. வெளியே காத்திருந்த லவீனியாவுக்குத் தம்பி லோபெட்டி சொன்னது தெளிவாகக் கேட்டது.

"தும்மிட்டேன் டாக்டர். வாயத் திறந்துக்கிட்டுத் தும்மணும்னு சொல்லியிருந்தீங்க. மறந்துபோயி மூடிக்கிட்டே தும்மிட்டேன்."

லோபெட்டி பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சபையில் நின்று பிரசங்கம் பண்ணுகிறவன். வேலை செய்கிற கிடங்கில் லாரியில் ஒரு பெட்டி கூடுதலாக ஏறிவிட்டாலும் தானே போய்ச் சொல்லி இறக்கிவைக்கிறவன். அந்த வாய் இப்போது நடுப்பகலில், டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்காக என்று லவீனியாவுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் லோபெட்டியின் மனைவி ஃபூசி பத்திரிகை புரட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஆனாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

லோபெட்டிக்கு மேல்வரிசையில் இடப்பக்கம் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருடமாயிற்று. கழற்றி மாட்டுகிற பல்செட்டுதான். சாப்பிடுவதற்கு அது போதும். கார்னெட் என்கிற சின்ன எக்காளம் ஊதுவதற்குப் போதாது. சபை வாத்தியக் குழுவில் முதல் எக்காளம் அவனுடையது. உச்ச சுரத்துக்குப் போகும்போதெல்லாம் செட்டு நழுவும். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் சுரத்தோடு சேர்ந்து செட்டும் கிளம்பிப் போய், முன்வரிசையில் இருந்த மூப்பர் மனைவி டோங்கா வழக்கப்படி இடுப்பில் சுற்றியிருந்த பாய்மேல் விழுந்தது. "லோபெட்டி ஊதினா பல்லும் சேந்து பாடும்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவனும் கூடச் சிரிப்பான். ஆனால் வாத்தியக் குழுத் தலைவர் போன வருடம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "டிரம்முக்கு மாறிக்கிறியா?" என்று கேட்ட பிறகுதான் திருகுப் பல் வைத்துக்கொள்வதென்று கிளம்பினான்.

திருகை இறக்கத் தாடையில் எலும்பு இல்லை. பல் போன இடத்தில் கரைந்து காகிதமாகியிருந்தது. மூக்குக்குப் பக்கத்துக் காற்றறையின் சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகளை நிரப்பித் தைத்தார் டாக்டர் எலெனி. அது இறுகி எலும்பான பிறகுதான் திருகு. அன்றைக்கு அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தவள் லவீனியாதான். ஃபூசிக்குக் கார் ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் கன்னம் வீங்கிக் கிடந்தவனுக்கு ஃபூசி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூக்குச் சிந்தக்கூடாது. உறிஞ்சிக் குடிக்கக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். டாக்டர் சொல்கிறவரை கார்னெட்டைத் தொடவே கூடாது.

லவீனியா ஒன்றும் பேசவில்லை. உடன்பிறந்தவனின் வாயையும் மூக்கையும் பற்றி அக்காள் பேசுவது டோங்காத் தீவுக்காரர்களிடையே முறையில்லை. சிட்னிக்கு வந்து பிள்ளைகள் தலையெடுத்த பிறகும் அந்த முறையை அவர்கள் விடவில்லை. அவள் பேசவில்லை; அவ்வளவுதான். காதில் விழாமல் இல்லை.

அதற்கடுத்த வாரம் அவளுடைய மாமியார் இறந்துபோனாள்.

அடக்க நாளன்று கல்லறைத் தோட்டத்தில் லோபெட்டி, தங்கள் பக்கத்துக்காக ஊத வந்திருந்த குழுவோடு நிற்காமல், துக்கத்துக்குரிய கறுப்புப் பாயை இடுப்பில் சுற்றி ஓரமாக நின்றான். அவனுக்குப் பதில் ஊதிய ஆள் நல்லவன்தான், ஆனால் பழக்கம் போதவில்லை. முதல் ஞானப்பாட்டின் உச்சியில் சுரம் உடைந்து கீச்சிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. லவீனியாவின் கணவன் பக்கத்து உறவுகள் ஊரிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் திரண்டு வந்திருந்தார்கள்; சாவுச் சீராக வந்த பாய்களும் துணிகளும் குன்றாகக் குவிந்திருந்தன. கணவனின் சித்தி கலோ வாயைப் பொத்திக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாவம், பன்னி கொண்டாந்தாங்க, பாய் கொண்டாந்தாங்க. மூச்சத்தான் வீட்டுல வச்சுட்டு வந்துட்டாங்க போல நம்ம மருமக வீட்டாளுங்க."

நாலு பேர் குனிந்து சிரித்தார்கள். லவீனியாவுக்கு முகம் எரிந்தது. கிழவி சாகும்வரை குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிப் படுக்கவைத்தவள் அவள். அதெல்லாம் இந்த ஒரு பேச்சில் கரைந்துபோனாற்போல இருந்தது. திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"லோபெட்டி. அத்தைக்கு ஒரே ஒரு பாட்டு."

அக்காள் கேட்டால் தம்பி மாட்டேன் என்று சொல்வதில்லை. அவள் கேட்பதே ஆணை. அது அவளுக்கும் தெரியும், அங்கே நின்றவர்களுக்கும் தெரியும். லோபெட்டியின் கை கன்னத்துக்குப் போயிற்று. பிறகு இறங்கிற்று. ஃபூசி ஓரடி முன்னால் வந்து, "அண்ணி..." என்றாள். அண்ணி அவள் பக்கம் திரும்பவில்லை.

அவன் கார்னெட்டை வாங்கி ஊதினான். எல்லா அடிகளையும் ஊதினான். உச்ச சுரம் ஒரு பிசிறில்லாமல் எழுந்து கல்லறைகளுக்கு மேலே நின்றது. கலோ சித்தியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லவீனியாவின் நெஞ்சு அப்போது நிமிர்ந்தது. இப்போது அவளைக் குத்திக்கொண்டிருப்பது அதுதான். கேட்டதைக்கூடத் துக்கத்தில் கேட்டுவிட்டேன் என்று கர்த்தரிடம் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பெருமிதத்தை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலையில் ஃபூசி போன் பண்ணினாள். "அண்ணி, இவருக்கு மூக்குலேருந்து ரத்தம் வருது. கூடவே உப்புக் கல்லு மாதிரி வெள்ளையா என்னமோ வருது." குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

அன்றிலிருந்து லவீனியா தினமும் கோழிச்சாறும் தேங்காய்ப்பாலில் மசித்த சேப்பங்கிழங்கும் அவர்கள் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள். பாத்திரங்கள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன. உள்ளே ஒவ்வொரு தடவையும் ஏதாவது இருக்கும்: இரண்டு எலுமிச்சை, கொஞ்சம் மிளகாய். மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை அந்தப் படியில் நின்றாள். அக்காள் தலைகுனிந்தால் தம்பிக்குத்தான் அவமானம். அந்தச் சுமையையும் அவன்மேல் வைப்பதா என்று திரும்பிவிட்டாள்.

உள்ளறையில் டாக்டர் எலெனியின் குரல் கேட்டது.

"ஒரு தும்மலுக்கே கிழிஞ்சிடுச்சுன்னா உங்க சவ்வு ரொம்ப மெலிசுன்னு அர்த்தம், லோபெட்டி. மறுபடியும் அங்க கை வைக்க எனக்குத் தைரியம் இல்ல. பழைய செட்டோடயே இருந்துடுங்க."

"வாத்தியம் டாக்டர்?"

"செட்டை வச்சுக்கிட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான்."

பிறகு லோபெட்டி, "சரி டாக்டர்" என்றான். 'மேஜையை நகர்த்தவா' என்று யாராவது கேட்டால் சொல்வானே, அந்தச் சரி.

லவீனியா ஃபூசியைப் பார்த்தாள். ஃபூசியின் கண்கள் நிறைந்திருந்தன. "நீ ஏம்மா சொல்லல?" என்றாள் லவீனியா.

"அவரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு அண்ணி. 'எங்கக்கா பேரு ஒரு வெள்ளக்காரி வாயில வரக்கூடாது'ன்னாரு."

லவீனியா எழுந்தாள். உள்ளே போனால் சாய்நாற்காலியில் வாய் திறந்து கிடக்கிற தம்பியைப் பார்க்க வேண்டியிருக்கும். அவன் சொன்னது பொய் என்று அவன் முன்னாலேயே சொல்ல வேண்டியிருக்கும். கர்த்தாவே, கால் மட்டும் நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

லோபெட்டி பதறி எழப் பார்த்தான். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துண்டு மடியில் விழுந்தது. அவள் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சுவரில் பல் தேய்க்கும் முறையைக் காட்டுகிற படம் இருந்தது. அந்தப் படத்திடம்தான் சொன்னாள்.

"தும்மல் இல்ல டாக்டர். கார்னெட் ஊதினான். அடக்கத்துல, ஒரு பாட்டு முழுசா. அவனா ஊதல. நான் ஊதச் சொன்னேன். ஊதக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அக்கா, வேணாம்" என்றான் லோபெட்டி.

டாக்டர் எலெனி முகமூடியைக் கழற்றினார். இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று லவீனியா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"முழுப் பாட்டா? உச்ச சுரத்தோடயா?"

"ஆமா."

"அப்ப யாரு சவ்வா இருந்தாலும் கிழிஞ்சுதான் இருக்கும்." டாக்டர் மறுபடியும் அவன் தாடையின் எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "அப்படின்னா இது வேற கதை. முதல்ல ஆறட்டும். இன்னொரு படம் எடுத்துப் பாப்போம். முடியும்னு நான் சொல்லல. ஆனா முடியாதுன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்." பிறகு லவீனியாவின் முதுகைப் பார்த்து, சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உக்காருங்கம்மா."

வீட்டுக்குத் திரும்பும்போது ஃபூசி முன்னால் இருந்தாள். லோபெட்டி வழக்கம்போலப் பின்னால். சாலையோர வேல மரங்கள் மஞ்சளாகப் பூத்து, மகரந்தம் கண்ணாடியில் படிந்திருந்தது. லவீனியா தன் பக்கத்து ஜன்னலை முழுக்க ஏற்றினாள். ஃபூசி பக்கத்து ஜன்னலையும் ஏற்றினாள். அப்படியும் பின்சீட்டிலிருந்து ஒரு தும்மல் கிளம்பியது. லோபெட்டி கொட்டாவி விடுகிற குதிரைபோல வாயை ஆவென்று திறந்து தும்மினான். ஃபூசி தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

"டாக்டர் பாத்திருந்தா பரிசே குடுத்திருப்பாங்க."

லோபெட்டி கைக்குட்டையால் மெல்ல ஒற்றிக்கொண்டான். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:

"அக்கா. நீங்க கேக்கலைன்னாலும் அன்னிக்கு நான் ஊதியிருப்பேன்."

லவீனியா பின்பார்வைக் கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினாள். கைக்குட்டை பாதி முகத்தை மறைத்திருந்தது. இது நிஜமா, இன்னொரு தும்மலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் முறையில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. லவீனியா லேசாகத் திரும்பியபோது அவன் முழங்கால் தெரிந்தது. வலது கையின் மூன்று விரல்கள், கார்னெட்டின் கட்டைகளை அழுத்துவதுபோல, அதன்மேல் எழுந்து எழுந்து அமர்ந்தன. எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்தது. உச்ச சுரம் வரும் இடத்தில் விரல்கள் அசையாமல் நின்றன. பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டி ஒலியெழுப்பியது. லவீனியா அந்த அடி முடியட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தாள்.