ஏழு பத்துக்குப் பூட்டு

காலை ஏழு பத்துக்கு கேட்டைப் பூட்டிவிட வேண்டும் என்பது உமாமகேஸ்வரி போட்ட உத்தரவு.

பிவண்டி கோடவுனில் இருபத்திரண்டு வருஷம் லாரி அனுப்பியவள். ஒரு லாரிக்காகக் காத்திருந்தால் அத்தனை லாரியும் தாமதம். அங்கே அது வேதவாக்கு. கம்பெனி மேனேஜர்களை மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலைமை ஆசிரியராக அனுப்பும் புதுத் திட்டத்தில் பெயர் கொடுத்து, தாராவி தமிழ்ப் பள்ளிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

உத்தரவு பலித்தது. முதல் வாரம் பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்பது பிள்ளைகள் நின்றார்கள். இந்த வாரம் ஒருவருமில்லை.

"பாத்தீங்களா சார், எல்லாரும் நேரத்துக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க" என்றாள், ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஜெபஸ்டினிடம்.

"வாசல்ல ஆள் இல்ல மேடம், அது வாஸ்தவம்" என்றார் அவர். "கிளாஸ்லயும் இல்ல."

மழைக்காலம், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

பத்து மணிக்குத் தங்கத்தாய் நனைந்த குடையோடு வந்தாள். செம்பூரில் வீட்டுவேலை முடித்து வருகிறவள். கையில் சாப்பாட்டு டப்பா.

"ஏழாங்கிளாஸ் மாலதிக்கு டீச்சர், என் மவ. மறந்து வச்சிட்டுப் போயிட்டா, மறதி முண்டம்."

ஜெபஸ்டின் பதிவேட்டைப் புரட்டினார். ஒன்பது நாளாக மாலதி வரவில்லை.

"தெனமும் பையத் தூக்கிட்டுத்தான வாரா?"

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் உமாமகேஸ்வரி.

"நான் அஞ்சரைக்கே வேலைக்குப் போயிருவேன். தண்ணி அவதான் புடிச்சு வைக்கணும். எங்க சந்துல ஆறே முக்காலுக்குத்தான் பைப்புல தண்ணி வரும். வரிசையில நம்ம கொடம் வர ஏழு தாண்டிரும்லா."

எந்த லாரி தாமதமானாலும் டிரைவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்காமல் உமாமகேஸ்வரி விட்டதில்லை. இங்கே கேட்கத் தோன்றவில்லை.

"கரீம் பாட்சா பட்டறையில பாக்கலாம் மேடம்" என்றார் ஜெபஸ்டின், பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

இரண்டு சந்து தள்ளி இருந்தது தையல் பட்டறை. தங்கத்தாயும் கூடவே வந்தாள். மாலதி யூனிபாரத்தோடு தரையில் உட்கார்ந்து ஜீன்ஸ் பேன்ட்டுகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிப் பை.

கரீம் பாட்சா மெஷினை விட்டு எழுந்தார்.

"நான் வேலைக்குக் கூப்பிடல மேடம். உங்க கேட்டுக்கு வெளிய மழையில நின்னு அழுதுச்சு. உள்ள வந்து உக்காருன்னேன். ரெண்டாம் நாளு அதுவா கத்தரிய எடுத்துருச்சு. தடுக்காம விட்டது என் தப்புதான்."

தங்கத்தாய் கையை ஓங்கினாள். உமாமகேஸ்வரி குறுக்கே வந்து நின்றாள்.

"அவள அடிக்காதீங்க. பூட்டினது நான்."

பிறகு மாலதிக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தாள் உமாமகேஸ்வரி. ஈரச் சேலை தரையில் பட்டது.

"எழுந்து வாம்மா. நாளையிலேருந்து கேட்டைப் பூட்ட மாட்டோம். எட்டு மணிக்குத்தான் அட்டெண்டன்ஸ். அதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

மாலதி அம்மாவைப் பார்த்தாள். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"எட்டு மணிக்கும் தண்ணி வரலேன்னா, டீச்சர்?"