மெத்தைக்காரர் மனைவியின் வாக்குமூலம்

என் அம்மா நடத்தை கெட்டவள் என்று இந்த நாட்டின் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. அரசாங்க முத்திரையோடு, அழகான கையெழுத்தில், முப்பது வருஷமாக. அதைப் படித்தவர்கள் சிரித்தார்கள்; படிக்காதவர்கள் கேள்விப்பட்டுச் சிரித்தார்கள். அந்த வரியை அடிக்கவைக்க வேண்டும் என்பதுதான் நான் விடாமல் பிடித்த ஒரே பிடிவாதம். மற்றவற்றை எல்லாம் அம்மா முளையிலேயே கிள்ளிவிட்டாள்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு உயிர் கொடுத்தவர் இந்த நாட்டின் பழைய ராஜா. சுமந்தவள் மலை உச்சியில் வாழும் சிறகுக்காரர்களில் ஒருத்தி. அரண்மனைக்குக் கடிதம் கொண்டுவந்து போய்க்கொண்டிருந்தவள். ராஜாவுக்கு வீட்டில் ராணி இருந்தாள். ஆக, நான் சொல்லிக்கொள்ள முடியாத மகள். சுமந்தவள் என்னைப் பெற்ற அன்றே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வழியில் எனக்கு வந்தது முதுகில் ஒரு சாண் அகலத்துக்கு இறகு. பறக்கவெல்லாம் முடியாது, அரிக்கும், அவ்வளவுதான். ராஜா வழியில் வந்தது மூக்குக்கு மேலே கோபம்.

கல்யாணத்துக்கு வெளியே பிறந்த ராஜா பிள்ளைகளைக் காவல் மாளிகையில் வைக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். நல்ல சாப்பாடு, நல்ல துணி, ஆனால் சாகும்வரை வெளியே வர முடியாது. நாளைக்கு எவனாவது சிம்மாசனத்தில் பங்கு கேட்டுவிடுவானோ என்ற பயம். நான் பிறந்த அன்று அப்பா அரண்மனையில் ராஜாவின் மெத்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா என்று நான் சொல்வது மெத்தைக்காரரை. பிரசவம் பார்த்த செவிலிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கெட்டுப்போன பஞ்சோடு சேர்த்து என்னையும் மெத்தை உறைக்குள் வைத்து அவர் தலையில் ஏற்றிவிட்டாள். ராஜாவின் பழைய பஞ்சைச் சோதிக்க எந்தக் காவலனுக்கு ஆசை வரும்? அப்பா நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பஞ்சு கொண்டாரச் சொன்னா என்னத்தைக் கொண்டாந்திருக்கீங்க?" என்றாளாம். அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பஞ்சு என்றே பேர் நிலைத்துவிட்டது.

என்னை வளர்த்ததற்காக மட்டும் நான் அம்மாவைக் கொண்டாடவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் அவள் பிறகு செய்தது புரியும். மானம் மரியாதை என்றால் அவளுக்கு உயிர். கடைக்கு வரும் ஆண்களிடம் தரையைப் பார்த்துத்தான் அளவு கேட்பாள். தெருக்கோடியில் ஒரு இஸ்திரிக்காரி இருந்தாள். அவள் தன் பிள்ளைக்குப் புருஷன் தகப்பன் இல்லை, வேறொருவன் என்று தன் வாசற்படியில் நின்று பதிவாளர் முன்னால் சொல்ல நேர்ந்தது. அன்று கூட்டத்தில் நின்று கேட்ட அம்மா, அதன் பிறகு பன்னிரண்டு வருஷம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுத் துணி எல்லாம் கசங்கியே இருக்கும். அந்த விஷயத்தில் அம்மா செய்தது தப்பு. பெற்றவளாகவே இருந்தாலும் தப்பைத் தப்பென்றுதான் சொல்வேன்.

இனி எங்களைக் காட்டிக்கொடுத்த தலையணை விஷயம். வருஷத்துக்கு ஒரு முறை எனக்கு இறகு உதிரும். அடுப்பில் போட்டால் தெரு முழுக்க நாறும். குப்பையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். அதோடு, பதமான சரக்கை வீணாக்க அம்மாவுக்குக் கை வராது. காம்பை நறுக்கிவிட்டு ஒரு மெத்தைக்கு ஒரு சிட்டிகை என்று பஞ்சில் கலந்துவிடுவாள். எங்கள் மெத்தையில் படுத்தால் மிதப்பது மாதிரி இருக்கிறது என்று ஊரில் பேச்சு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. குளிர் தொடங்கி, சிறகுக்காரர்கள் தெற்கே கிளம்பும் வாரத்தில் அவர்கள் இறகுக்கும் இருப்புக் கொள்ளாது. உடம்பை விட்டு உதிர்ந்த இறகானாலும் அப்படித்தான்.

எனக்குப் பதினான்கு வயதானபோது நீதிமன்றத்து எழுத்தர் ஒருவர், உட்கார்ந்து எழுத நல்ல தலையணையாக ஒன்று அவசரமாக வேண்டும் என்றார். தைக்கும்போது இரண்டு கை பஞ்சு குறைந்தது. அப்பா பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவியதில் அம்மா பத்திரமாக வைத்திருந்த பை அகப்பட்டது. அந்த வருஷத்து இறகு மொத்தமும் அதில்தான் இருந்தது. நறுக்கிய இறகு அழுத்திக் கட்டினால் பஞ்சு போலத்தான் இருக்கும். அப்பா பார்க்காமலே திணித்துத் தைத்து, வழக்கம்போல மூலையில் எங்கள் கடை அடையாளத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

குளிர் வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது எழுத்தர் நாலு விரல் உயரம் எழும்பி, பேனாவும் கையுமாகத் தெற்கு ஜன்னலைப் பார்த்து நகர்ந்தாராம். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அடுத்த நாள் நடந்ததை நினைத்தால் அடங்கிவிடும்.

அடுத்த நாள் காலை, நான் பஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது பதிவாளர் வந்தார். கூட இரண்டு காவலர்கள். ஒருவன் கையில் கயிறு போட்டுக் கட்டிய அந்தத் தலையணை. ராஜாவின் சிறகுப் பிள்ளை ஒன்று காணாமல் போனது அரண்மனைக்குத் தெரியும், பதினான்கு வருஷமாகத் தேடுகிறார்கள், இப்போது விலாசத்தை நாங்களே தைத்துக் கொடுத்திருக்கிறோம் என்று பதிவாளர் நிதானமாகச் சொன்னார். ஒரு காவலாளி என்னைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் கழுத்தை இழுத்துப் பார்த்தான். தெரு கூடிவிட்டது. அப்பாவின் மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது. துணிமணி எடுத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள்.

அம்மா உள்ளே போனாள். என் துணியை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்தாள். நேராக வாசற்படியில் போய் நின்றாள். இஸ்திரிக்காரி அன்று எப்படி நின்றாளோ அதே மாதிரி. தெருவுக்கு அப்போதே புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

பிள்ளைக்குத் தகப்பன் யாரென்று பெற்றவள் தன் வாசலில் நின்று தெரு அறிய மூன்று முறை சொன்னால் அதுதான் முடிவு. அதற்கு மேல் யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. ராஜாக்கள் தங்கள் வசதிக்காகப் போட்ட சட்டம் இது. அரண்மனை வேலைக்காரிகளை மிரட்டி வேறு எவனையாவது காட்டச் சொல்லலாம் பாருங்கள். அந்தச் சட்டத்தை ஒரு மெத்தைக்காரி அவர்கள் மேலேயே திருப்புவாள் என்று எவன் கண்டான்?

"இது என் வயித்துல பிறந்த பிள்ளை," என்றாள் அம்மா. "ராஜா பிள்ளை இல்ல. ஒரு சிறகுக்காரனுக்கும் எனக்கும் பிறந்தது."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை அழுத்தி மிதித்தார்.

இரண்டாவது முறை சொல்லும்போது அவளுக்குக் குரல் எழும்பவில்லை. பதிவாளர் கேட்கவில்லை என்றார். மூன்றாவது முறை தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி சொன்னாள். எழுதிக்கொண்டே வந்த பதிவாளர் நிமிர்ந்து, அந்தச் சிறகுக்காரன் பேர் என்ன என்றார்.

"பேர் கேக்கல," என்றாள்.

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி புருஷன் சொல்ல வேண்டும். அவர் ஏற்காவிட்டால் தாயும் பிள்ளையும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாது. பதிவாளர் அப்பாவைப் பார்த்து, இது உமக்குத் தெரியுமா என்றார். அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "தெரியும். தெரிஞ்சுதான் வளர்க்கிறேன்," என்றார். அம்மாவிடம் திரும்பி, "உள்ள போம்மா. எவ்வளவு நேரம் நிப்ப?" என்றார். பதிவாளரிடம் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். தான் கையாலாகாதவன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னார். அப்படி ஒரு அப்பா கிடைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? அந்தச் செவிலிக்குத்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் தலையணையோடு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நல்லது கெட்டது எதற்கும் யாரும் அம்மாவைக் கூப்பிடவில்லை. கடைக்கு வருகிறவர்கள் மெத்தையை அழுத்திப் பார்த்தபடி ஒரு மாதிரி இளிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவள் இஸ்திரிக்காரி. வாசலில் நின்றாள். அம்மா நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு," என்றாள். பன்னிரண்டு வருஷத்துக்கு அவள் கேட்ட மன்னிப்பு அந்த ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து எங்கள் துணி கசங்கவில்லை.

நான் நன்றி சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது? சொன்னால் எதற்கு என்று சுவர் கேட்கும். வாசலில் அம்மா சொன்னது பொய் என்று யாருக்காவது தெரிந்தால் மூன்று பேருக்கும் ஆபத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா போனபோது, இழவுக்கு வந்த அத்தை, "பாவம் எங்கண்ணன், ஊர் சிரிப்பையும் சேர்த்துச் சுமந்துட்டுப் போயிட்டான்," என்று அம்மாவின் காதில் விழும்படி அழுதாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அத்தையின் வாயில் ஒரு மூட்டை பஞ்சைத் திணிக்கலாம் போல இருந்தது.

போன வருஷம் ராஜாவின் சட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காவல் மாளிகையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் வெளியே வந்து தெருவைப் பார்த்து அழுதார்களாம். என் கூடப் பிறந்தவர்கள்தானே, நான் போய் இரண்டு பேருக்கு மெத்தை கொடுத்துவிட்டு வந்தேன். பதிவேட்டில் பொய்யாக எழுதவைத்தவர்கள் தொண்ணூறு நாளுக்குள் வந்து உண்மையைச் சொல்லலாம், தண்டனை கிடையாது என்றும் அறிவித்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவின் பேரை மீட்டு அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் எனக்குச் செய்ததற்கு நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

அம்மா பிடி கொடுக்கவில்லை. முதல் மாதம் முழங்கால் வலி. இரண்டாம் மாதம் மழை. அப்புறம் பெரிய ஊசியைக் காணோம், அது கிடைக்காமல் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாள். தொண்ணூறாவது நாள் காலையில் நான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கிட்டத்தட்டத் தூக்கி உட்காரவைத்தேன். வழியெல்லாம் உர்ரென்று வந்தாள்.

பதிவு அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். பொறுமையான பெண். பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தைத் தேடி எடுத்து, அதில் இருப்பதை முதலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முப்பது வருஷத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"மெத்தைக்காரரின் மனைவி, தன் வயிற்றில் பிறந்த பெண் குழந்தை, பெயர் தெரியாத சிறகுக்காரன் ஒருவனுக்குப் பிறந்தது என்று தெரு அறிய மூன்று முறை சொன்னாள். கணவன் ஏற்றுக்கொண்டான்," என்று அந்தப் பெண் வாசித்தாள். பேனாவை எடுத்துக்கொண்டு, இதில் எது பொய் என்று சொல்லுங்கள், அடித்துவிட்டு மாற்றி எழுதுகிறேன் என்றாள்.

அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "முதல் பாதிய இன்னொரு தடவ படிம்மா," என்றாள்.

அந்தப் பெண் படித்தாள்.

"அதையும் அடிப்பீங்களா?"

வாக்குமூலம் பொய்யென்றால் முழுவதையும்தான் அடிக்க வேண்டும், பாதியை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை என்றாள் அந்தப் பெண்.

"அப்ப ஒண்ணும் அடிக்க வேணாம்," என்றாள் அம்மா. "எழுதியிருக்கிறது சரிதான்."

எனக்கு மூக்குக்கு மேலே வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பட்ட அவமானம் போதாதா, அப்பாவையும் சேர்த்துத்தானே சிரித்தார்கள், அத்தை பேசியது மறந்துவிட்டதா என்று அலுவலகம் என்றும் பார்க்காமல் கத்தினேன். அம்மா என்னைக் கத்தவிட்டாள்.

பிறகு சொன்னாள்: "ஊர் சிரிச்சது போனாப் போகுது. நான் உன்னைப் பெத்தேன்னு உலகத்துல எழுதியிருக்கிற இடம் இது ஒண்ணுதான், பஞ்சு. அதைப் போய் அடிக்கச் சொல்றியே."

தொண்ணூறு நாளாக அவள் தள்ளிப்போட்டது இதற்குத்தான். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெண் பேனாவை மூடிவைத்தாள். திருத்தம் இல்லை என்று ஒரு தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள்.

வெளியே வந்து வண்டியில் ஏற்றும்போது எனக்கு அடக்க முடியவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில், எல்லாவற்றுக்கும் நன்றி என்றேன். முப்பது வருஷமாகத் தொண்டையில் நின்ற சொல்.

அம்மா கையை உதறிக்கொண்டாள். "போடி. பெத்தவகிட்ட யாராவது நன்றி சொல்லுவாங்களா?"