குரலாவது என்னுடையது

…வெட்டச் சொல்ல இவன் யார், பெற்ற மகன்தான், இல்லையென்று யார் சொன்னது, ஆனால் குரல் எல்கானாவுடையது, எல்கானா என் புருஷன், அவன் வாயிலிருந்து வந்ததை வெட்டுவதா விடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டும், என்று சிப்போரா மனதுக்குள் மல்லுக்கு நின்றுகொண்டே பொதுச் சாப்பாட்டுக்கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளியாகிவிட்டது. ஜன்னல்களில் சாம்பல் நிறப் போர்வைகளைக் கட்டியும் சனிக்கிழமை பிற்பகல் வெயில் அடங்கவில்லை, ஓரங்களில் கசிந்து திரையின் மேல் ஒரு கோடு போட்டது, அதை மறைக்க யாரோ ஸ்டூல் மேல் ஏறினார்கள், யாரோ அவரை விழுந்துவிடாதே என்று திட்டினார்கள். ஊரியேல் உட்காரவில்லை. வாசல் பக்கம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான், சோதனைச்சாவடியில் நிற்பது மாதிரி, ரிசர்வ் படையில் லெப்டினன்ட் கர்னல் என்றால் அம்மா படம் பார்க்கும் இடத்திலும் அப்படித்தான் நிற்க வேண்டுமோ என்னவோ. நிற்கட்டும், கால் வலித்தால் தானே உட்காருவான்.

குளிர்காலத்தில் அந்தப் பெண் வந்தபோதே ஆரம்பித்தது இது. ஹகித் என்று பெயர், டெல் அவிவிலிருந்து வந்திருந்தாள், படம் எடுக்கிறவளாம், ஈரக் காலணியோடு உள்ளே வரலாமா என்று வாசலிலேயே தயங்கினாள், நல்ல பெண். அறுபத்தேழாம் வருஷத்து அரபுப் போர் முடிந்து சில வாரங்களில் உங்கள் கிப்புட்ஸில், இந்தக் கூட்டுப்பண்ணை ஊரில், பையன்கள் உட்கார்ந்து பேசினார்கள், போர்முனையிலிருந்து திரும்பியவர்கள், பாடகர்குழுவுக்காக வாங்கிய டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்து, நாம் செய்தது சரியா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள், கொஞ்சம் மட்டும் வெளியே வந்தது, மீதியை ராணுவம் விடவில்லை, இப்போது கிடைத்திருக்கிறது, அதில் உங்கள் கணவரின் குரலும் இருக்கிறது, நீங்கள் சம்மதித்தால்தான் சேர்ப்பேன்… சிப்போரா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். எல்கானா பேசினானா? எந்த எல்கானா? அவன் செத்து ஆறு வருஷம், அதற்கு முன்னால் நாற்பது வருஷத்துக்கும் மேலே ஒரே அறையில் அவனோடு படுத்து எழுந்தவள் அவள், போரைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் போனோம், ஜெயிச்சோம், வந்தோம், அவ்வளவுதான், அதையும் யாராவது கேட்டால்தான் சொல்வான், அப்படி ஒரு பேச்சு நடந்ததே அவளுக்குத் தெரியாது. இப்படி ஒருத்தி ஈரக் காலோடு வந்து, உன் புருஷன் பேசினான், உன்னிடம் இல்லை, ஒரு மிஷினிடம் பேசினான் என்கிறாள். அன்றைக்கு ராத்திரி சிப்போரா அழுதாள், துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

ஊரியேல் மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான், நகரத்தில் வீடு வாங்கிப் போன பிறகு பண்டிகைக்குக்கூட அவ்வளவு வேகமாக வந்ததில்லை. "அம்மா, இது வேணாம். வர்ற கோடையில என் பையன் இத்தாய் பட்டாளத்துல சேர்றான். தாத்தா உலகம் பூரா டிவியில புலம்பறதைக் கேட்டுட்டு அவன் துப்பாக்கியைத் தூக்கணுமா?" என்றான். புலம்பினார் என்று உனக்கு யாருடா சொன்னது, நீ கேட்டாயா, என்றாள் இவள். "கேக்க வேணாம்மா, அப்ப எல்லாரும் களைச்சுப் போயிருந்தாங்க, தூக்கம் இல்ல, கூட இருந்தவன் செத்திருப்பான், அந்த நேரத்துல மனுஷன் ஆயிரம் சொல்லுவான். அப்பா அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க ஒரு வார்த்தை சொன்னாரா? அதுதான் அவர் முடிவு." அது முடிவாம்! வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதுவும் ஒரு கருத்தாகிவிடுமா? அவனுக்கு அவளும் பதில் சொல்லியிருப்பாள், அதற்குள் அவன் குரலைத் தாழ்த்தி, சரிம்மா, கேட்டே ஆகணும்னா வீட்டுல கம்ப்யூட்டர்ல தனியா கேளு, கேட்டுட்டு வேணாம்னு சொல்லிடு, அப்பாவோட குரலுக்கு நீ மட்டும் சொந்தக்காரி இல்ல, என்றான். அந்த வார்த்தையில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது.

சொந்தம்! இந்த ஊரில் எனக்கு எதுடா சொந்தமாக இருந்தது? கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டை பொது அலமாரியிலிருந்து வந்தது, மறுவாரம் அதே சட்டையில் இன்னொருத்தி கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எல்கானாவின் வேலைச்சட்டை சலவைக்குப் போனால் வேறொருவனுடைய கிழிசலோடு திரும்பி வரும். அறையில் ஒரு ரேடியோ வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு ஊர்க்கூட்டம் கூடிக் கைதூக்கி முடிவு செய்தது, வேண்டாம் என்று. ஏன், நீயே எனக்குச் சொந்தமாக இருந்தாயா, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரோடும் பிள்ளைகள் இல்லத்தில்தான் தூங்கினாய், நாலு மணிக்கு வருவாய், ஏழு மணிக்குக் கொண்டுபோய் விடுவேன், நீ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்துவாய், நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன், பார்த்தால் தாதிப்பெண் கூட்டத்தில் சொல்லிவிடுவாள்… எல்லாவற்றையும் கொடுத்தோம், சந்தோஷமாகத்தான் கொடுத்தோம், பொய் சொல்லக்கூடாது. இப்போது இந்த வயதில் முதல்முதலாக ஒன்றை உன்னுடையது என்று ஒருத்தி வந்து கையில் கொடுக்கிறாள், அதையும் பாதி பிடுங்க வருகிறாயா? இதெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. தனியாகக் கேட்க மாட்டேன், கூடத்தில் எல்லார் முன்னாலும் போடட்டும், கேட்டுவிட்டு எல்லார் முன்னாலும் சொல்கிறேன், என்று மட்டும் சொன்னாள்.

அதற்கும் ஒரு கூட்டம், அதற்கும் ஓட்டு. செயலாளர் கெர்ஷோன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, தோழர்களே இது உணர்ச்சிகரமான விஷயம் என்று ஆரம்பித்தார், மகனைப் போரில் பறிகொடுத்த ஒருவர் எழுந்து பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார், அவரைப் பார்த்தபோது மட்டும் சிப்போராவுக்கு மனம் கொஞ்சம் ஆடியது. இன்னொருவர், ஜெயிச்ச போரையும் தோத்த மாதிரி பேசறதுக்கு நம்மாளுங்களை விட்டா ஆள் இல்ல, என்றார், பாதிப் பேர் சிரித்தார்கள். சிப்போரா எழுந்து நின்றே கை தூக்கினாள், எண்ணுகிறவனுக்குத் தெரியாமல் போய்விடக்கூடாது பாருங்கள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆக இன்றைக்கு இந்தப் போர்வைகள், இந்த நாற்காலிகள், வாசலில் இந்தக் கர்னல்.

பக்கத்தில் மெனுஹா வந்து உட்கார்ந்தாள், இளவயதிலிருந்து கோழிப்பண்ணையில் கூட வேலை செய்தவள், ரகசியம் பேசினாலும் பின்வரிசை வரை கேட்கும். "அடியே, உன் புருஷன் பேசறதைக் கேக்க இவ்வளவு கூட்டமா? உசுரோட இருந்தப்ப ஒரு ஷாலோம் சொல்லவே அவனுக்கு வாய் வலிக்கும்." சும்மா இரு, என்றாள் சிப்போரா. "நீ என்ன சொல்லப்போற, ஆமாவா இல்லையா?" பார்த்துக்கொண்டே இரு. சொல்ல வேண்டியதை அவள் தயாராகத்தான் வைத்திருந்தாள், காலையில் கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்தாள்: என்கிட்ட அவன் ஒண்ணும் சொல்லல, நாற்பது வருஷம் என்னை வெளியவே நிக்க வெச்சான், இப்பவாவது பேசட்டும், விடுங்க. அப்படியே மகன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னை வெளியே நிற்க வைத்தான்… அந்த இடத்தில் குரல் உடையாமல் இருக்க வேண்டும், உடைந்தால் களைத்துப்போன கிழவி என்று இவன் அதையும் தள்ளிவிடுவான்.

விளக்கை அணைத்தார்கள். பழைய படங்கள், லாரிகளில் வரும் பையன்கள், கழுத்தில் பூ, பெண்கள் ஏறிக் கட்டிக்கொள்கிறார்கள், கொடி, பாட்டு, எல்லாரும் எவ்வளவு ஒல்லியாக இருக்கிறார்கள், நாமா இது, கூடத்தில் சிலர் பேர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். பிறகு திரை இருட்டானது, கரகரவென்று ஒரு சத்தம், நாடா ஓடும் சத்தம், யாரோ இருமினார்கள், எல்கானா, நீ சொல்லுடா, என்றது ஒரு குரல். "என்னத்தைச் சொல்றது," என்றான் எல்கானா. ஐயோ. இருபத்தைந்து வயது எல்கானா, மூக்கால் பேசுகிறவன், பின்னால் அந்த மூக்குப் பேச்சு போய்விட்டது, போனதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. "ஒரு அரபு ஊர்ல எல்லாரையும் கிளப்பச் சொன்னாங்க. கிளப்பினோம். ரோட்டுல நடந்து போறாங்க, மூட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு. ஒரு கிழவர் மட்டும் திரும்பி என்கிட்ட வந்தாரு. தக்காளிக்குத் தண்ணி திறந்து விட்டிருக்கேன், அடைச்சிட்டு ஓடி வந்துடறேன்னாரு. எனக்கு அரபி கொஞ்சம்தான் தெரியும், ஆனா தண்ணி தெரியும்ல? நம்ம ஊர்ல வயலுக்குத் தண்ணி விடறதுதானே எனக்கு வேலை. நட, நடன்னேன். அவரு கையால மடையை அடைக்கிற மாதிரி செஞ்சு காட்டினாரு, எனக்குப் புரியலைன்னு நினைச்சிட்டாரு. எனக்கா புரியல? துப்பாக்கியைக் காட்டினேன். போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் அங்கதான் காவல் நின்னேன், தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, பாத்தி உடைஞ்சு வழியுது, பத்தடி நடந்து போய் நானே அடைச்சிருக்கலாம். அடைக்கல. ஏன்னு தெரியல. அடைச்சா அவரு வரமாட்டாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரின்னு நினைச்சேனோ என்னவோ. ஜெயிச்சோம்டா, சரி. நீங்க பாடறீங்க, நானும் வாயசைக்கிறேன். எனக்குத் தண்ணிச் சத்தம்தான் கேக்குது."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவானே, இதே கூடத்திலிருந்து, பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, வயல் குழாயின் வால்வை மூடினேனா பார்த்துவிட்டு வருகிறேன் என்று, பஸ்கா விருந்தில், மகனுடைய பள்ளி நாடகத்தில், தகப்பனின் சாவுக்கு உட்கார்ந்திருந்த வாரத்தில்கூட, ஊரே சிரித்தது, எல்கானா வால்வைத்தான் கட்டிக்கொண்டான், சிப்போரா சும்மா துணைக்கு என்று, அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். இதுவா அது? இதையா தூக்கிக்கொண்டு திரிந்தாய், மூடனே, என்னிடம் சொல்லியிருந்தால் நானும் உன்னோடு இருட்டில் வந்து வால்வைப் பார்த்திருப்பேனே, சிரித்திருக்க மாட்டேனே… அவளுக்கு ஊரியேலைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டிருந்தான், வாசற்படியில், முகம் தெரியவில்லை. கேட்டுக்கோடா, இதுதான் புலம்பல், நன்றாகக் கேட்டுக்கோ, இத்தாயும் கேட்கட்டும், கேட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கட்டும், கேட்காமல் தூக்குவதைவிட அது மேல். எழுந்து இப்போதே சொல்லிவிடலாமா என்று அவள் கால்களை ஊன்றினாள்.

அப்போது நாடாவில் ஒரு கதவு திறந்தது. கோப்பைகள் தட்டில் உரசும் சத்தம். எல்கானா பாதி வார்த்தையில் நிறுத்தினான். ஒரு பெண்குரல், உற்சாகமாக, மூச்சு வாங்க, "காபி, காபி! சர்க்கரை யாருக்கு வேணாம்?" என்றது. "என்ன, எல்லாரும் ஊமையாயிட்டீங்க?" என்றது குரல். "ஒண்ணுமில்ல, பஞ்சு விலையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்," என்றான் எல்கானா. "பஞ்சு விலைக்கா இப்படி அழுத மூஞ்சி?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரித்தாள், கோப்பைகளை வைத்தாள், கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மெனுஹாவின் கை வந்து சிப்போராவின் முழங்கையைப் பிடித்தது, மெனுஹா ஒன்றும் பேசவில்லை, அவள் பேசாமலிருந்ததைச் சிப்போரா அன்றுதான் பார்த்தாள்.

பின்னாலிருந்து ஹகித் படத்தை நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க, இந்தக் காபி கொண்டு வர்ற இடத்தை எடுத்துடுவோம், அந்தப் பொண்ணு யாருன்னு கண்டுபிடிக்க முடியல, சம்மதம் வாங்க ஆளும் இல்ல," என்றாள். வரிசை வரிசையாகத் தலைகள் சிப்போரா பக்கம் திரும்பின, இந்த ஊரில் அந்தக் குரல் தெரியாதவர்கள் யார், கோழிப்பண்ணையிலிருந்து கூப்பிட்டால் மீன்குளம் வரை கேட்ட குரல் அது. வாசலிலிருந்து ஊரியேல், "எடுத்துடுங்க, அது எங்கம்மா," என்றான், கர்னல் குரலில் இல்லை, ஜன்னலைப் பிடித்துக் கத்துகிற குரலில். சிப்போரா எழுந்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய் வரை வந்தது, என்னை வெளியவே நிக்க வெச்சான்… வெளியே எங்கேடி நின்றாய், உள்ளே வந்திருக்கிறாயே, தட்டோடு வந்து அழுத முகத்தைப் பார்த்து, பார்த்ததைச் சொல்லியும் இருக்கிறாயே. "ஒண்ணையும் எடுக்காதே," என்றாள். "அவனோடதும் இருக்கட்டும், என்னோடதும் இருக்கட்டும். என் பேரையும் கீழ போடு. அழுத மூஞ்சியைப் பார்த்துட்டுச் சிரிச்சவ பேரு சிப்போரான்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும். மறுபடி போடு, கதவுலேர்ந்து."

மறுபடி போட்டாள். கதவு, கோப்பைகள், சிரிப்பு, கதவு. இந்தத் தடவை ஹகித் நிறுத்தவில்லை, நாடா ஓடியது, சொல்லுடா, போயிட்டா, என்றது ஒரு குரல், எல்கானா தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர், பாத்தி என்று மறுபடி ஆரம்பித்தான், முதலிலிருந்து, நிதானமாக, கிழவர் கையால் மடையை அடைத்துக் காட்டியது வரைக்கும் வந்துவிட்டான். அப்புறம்தான் கதவுக்கு வெளியே மரத்தரையில் காலடிச் சத்தம் கேட்டது, மெல்ல, செருப்பைத் தேய்க்காமல் நடக்கிறவளுடைய சத்தம், தூரப் போய் அடங்கியது. அவ்வளவு நேரம்… கதவைச் சாத்திய பிறகு அவ்வளவு நேரம் அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டு என்ன செய்தாள்? சிப்போரா நின்றபடியே யோசித்துப் பார்த்தாள், எவ்வளவு முயன்றும் அந்த மரத்தரை அவள் காலுக்கு ஞாபகம் வரவில்லை.