பச்சைத் திரைக்குப் பின்னால பேசினது யாரு

1

"நான் திரும்ப மோட்டார்ல ஏறவேயில்லீங்க!"

"ஏறலையா? அப்ப இவ்ளோ தூரம் என்னாண்ட பேசிக்கினு வந்தது யாரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்!"

உண்மையைச் சொல்லிடறேன். இந்தச் சண்டையை நான் எழுத நினைக்கவேயில்லை. எழுத உட்கார்ந்தது ஒரு ஜாலியான பயணக் கதை. வருஷம் 1934. மயிலாப்பூர்ல அத்தர் கடை வெச்சிருக்கிற ஹபீபுர் ரஹ்மானும் அவர் சம்சாரம் ஷம்ஷாத்தும் சிலோனுக்குப் போறாங்க. கொழும்புல மோட்டாரை வாடகைக்கு எடுத்து, ரஹ்மானே ஓட்டிக்கிட்டு நுவரெலியா மலை ஏறறாங்க. அவ்ளோதான்.

2

[முதல்ல "சிலோன் சாலைகள் பாம்பு போல வளைந்து"ன்னு ஆரம்பிச்சேன். வேணாம். எல்லாரும் எழுதறதுதான்.]

ரஹ்மான் வண்டி ஓட்டப் பழகினது மெரினா ரோட்டுல. நேர் ரோடு. வளைவுன்னாலே அவருக்கு வேர்த்துடும். ஷம்ஷாத் கோஷா, அன்னிய ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாது. பின்சீட்ல, மாமியார் தைச்சுக் குடுத்த பச்சைத் திரைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கா. வாடகை வண்டிதான், ஆனாலும் திரையை மயிலாப்பூர்லேர்ந்து பெட்டியில கொண்டுவந்து கட்டியாச்சு. ரஹ்மான் திரும்பிப் பார்க்கறதில்லை. குரல் கேட்டாப் போதும்.

பாதி மலையில ஒரு தேத்தண்ணிக் கடை. சாயங்கால அஸர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய ஷம்ஷாத் இறங்கினா. ரஹ்மான் இஞ்சினுக்குத் தண்ணி ஊத்தினார். பனிமூட்டம் இறங்கிச்சு.

"போலாமா?"ன்னார்.

"ம், போலாம்."

வண்டி கிளம்பிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு பக்கம் முழுக்கப் பேச்சுதான். "அடுத்த வளைவு குறுகல், மெதுவா போங்க"ங்குது பின்னாலேர்ந்து குரல். அவரும் மெதுவா போறார். எழுதறப்ப எனக்கே சந்தோஷமா இருந்தது, நல்ல ஜோடின்னு.

3

என் தங்கச்சி ரத்னா படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"அண்ணே, கடையில இறங்கினா, சரி. திரும்ப எப்ப ஏறினா?"

தேடிப் பார்த்தேன். ஏறலை. ஏத்த மறந்துட்டேன்.

அதை விடுங்க. அந்த ரோட்டுக்கே முதல் தடவை வந்தவளுக்கு அடுத்த வளைவு எப்படித் தெரியும்? [அந்த வரியை நான் யோசிச்சு எழுதலை. கை போன போக்குல வந்தது.]

4

வேற வழியில்லாம ரஹ்மானை வழியில நிறுத்தி, திரையைத் தூக்க வெச்சேன். சீட்டு காலி. பதறிப்போய் வண்டியைத் திருப்பிக் கடைக்கு வந்தார். மேல இருக்கிற சண்டை அங்கதான் நடக்குது.

"சரி, ஏறு."

"நான் முன்னாடி உட்கார்றேன்."

"நம்ம ஆளுங்க பார்த்தா இன்னா சொல்வாங்க?"

"இந்த மலையில எந்த மயிலாப்பூர்க்காரன் மரத்து மேல உட்கார்ந்து பார்த்துக்கினு கீறான்?"

"பின்னாடி யாரும் இல்ல ஷம்ஷாத். நான்தான் பார்த்தேனே."

"பார்த்தீங்க. இருட்டிக்கினு வர்ற நேரத்துல, இவ்ளோ வளைவுல, திரும்ப இங்க வர உங்களுக்கு வழி சொன்னது யாரு?"

அவர் பச்சைத் திரையை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தார்.

5

ஒரே ஒரு வரியில சரி பண்ணிடலாம்னு தோணிச்சு. ரெண்டாம் பகுதிக்குப் போய், "ஒளு முடிச்சு ஷம்ஷாத் வண்டியில ஏறினா"ன்னு சேர்த்தேன். கூடவே அடுத்த வரி தானா வந்தது: திரையைத் தூக்கி, "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க"ன்னா.

[யார்கிட்ட?]

ரெண்டு வரியையும் அடிச்சேன். அவ மறுபடி கடை வாசல்ல நிக்கறா.

"முன்சீட்ல வெச்சுப் பாருண்ணே"ன்னு ரத்னா சொன்னா. வெச்சேன். ரஹ்மான் "போலாமா?"ன்னு கேட்டார். ஷம்ஷாத் வாயைத் திறக்கறதுக்குள்ள, பின்னாலேர்ந்து—

[நிறுத்திட்டேன்.]

இப்ப நீங்க சொல்லுங்க. அவளை எங்க உட்கார வைக்கட்டும்? முன்னாடியா, பின்னாடியா, இல்ல அந்தக் கடையிலேயே விட்டுடட்டுமா? கீழ எழுதுங்க, கொஞ்சம் சீக்கிரமா. கடைக்காரர் விளக்கை எடுத்துக்கிட்டு உள்ள போறார். ரஹ்மான் வண்டியைக் கிளப்பிட்டார்.